கோபப்படாதவரின் கொதிப்பு

ஜூலை 5, சனி

விடியற்காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் கொல்லைப் புழுதி பாதி எங்கள் அடுப்படியில். இரண்டு தடவை கூட்டினேன். மூன்றாவது தடவை கூட்டவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்றைய வேலை: புதுக்கோட்டை போய் பி.பி. பார்க்கிற மெஷின் வாங்குவது.

காரணம். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். பிள்ளைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு நர்ஸ் செல்வி, "டீச்சர், நீங்களும் கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். 156/98.

"ஒரு தடவ பாத்தத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க டீச்சர். வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி, ஒரு வாரம் காலையிலயும் சாயங்காலமும் பாத்து எழுதிட்டு வாங்க. அப்பறம் மாத்திரையப் பத்திப் பேசலாம்."

சத்துணவு சமைக்கிற அம்மா, பக்கத்தில் நின்ற ஆளிடம்: "டீச்சருக்குக் கொதிப்பு இல்லாட்டித்தான் அதிசயம். போடுற சத்தம் ஆவூர் கோயில் வரைக்கும்ல கேக்குது." காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னபோது சூசை, "தெரிஞ்ச கதைதான, விடு பிலோமி. வாங்கிருவோம்" என்றார். (சூசை என்று இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுகிறேன். வாயால் எப்போதும் 'ஏங்க'தான்.) கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இந்த 'விடு பிலோமி'யை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அவர் ஒருத்தர்மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆடு புகுந்து கடலைச் செடியைத் தின்றபோதும் ஆட்டைத் தடவிக் கொடுத்து அனுப்பியவர். ஊரில் வரப்புச் சண்டை என்றால் இவரிடம்தான் வருவார்கள். "சூசையண்ணனுக்கு ஓடுறது ரத்தமில்ல, பச்சத்தண்ணி" என்பார்கள். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

கீரனூரில் பஸ் மாறி, புதுக்கோட்டை கீழராஜ வீதி. மருந்துக்கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று மெஷின் எடுத்து வைத்தார்.

ஒன்று மணிக்கட்டில் கட்டுவது. விலை குறைவு, பார்க்கவும் அழகு. எனக்கு அதுதான் பிடித்தது. "அது வேணாங்க டீச்சர். கை கொஞ்சம் மேல கீழ இருந்தாலே மாத்திக் காட்டிப்புடும். மேல்கையில கட்டுறது வாங்குங்க." நான் டீச்சர் என்று சொல்லவே இல்லை. கேள்வி கேட்ட தோரணையில் தெரிந்திருக்கும்.

இன்னொன்று பேசுவது. பட்டனை அமுக்கினால் ஒரு பெண் இங்கிலீஷில் எண்ணைச் சொல்கிறாள். போனோடும் சேருமாம். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"வெல கூடுனா கணக்கு சரியா இருக்கும்னு இல்லீங்க. அது பேசுறதுக்குத்தான் காசு."

"பேசுறதுக்கு வீட்ல ஏற்கனவே ஒரு ஆளு இருக்கு" என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார் பாவம்.

மூன்றாவது சாதாரணம். மேல்கைப் பட்டை, பெரிய எண், ஒரே பட்டன். டாக்டர்கள் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன மாடல்களின் பட்டியலில் இது இருக்கிறதா என்று கேட்டேன். செல்வி கேட்கச் சொல்லியிருந்தாள். போனில் தேடிக் காட்டினார், இருந்தது. கடையில் வேலை பார்க்கிற பெண் டேப் வைத்து என் கையை அளந்தாள். 28 செ.மீ. பட்டை 22 முதல் 32 வரைக்குமாம். "ஒங்களுக்கு சரியா இருக்கும்மா." எனக்காகத்தானே வாங்குகிறேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

பில், முத்திரை வைத்த வாரண்டி கார்டு, நான்கு பேட்டரி. திரும்பும்போது பஸ்ஸில் மெஷினை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும், காபி குடிக்காமல், மெஷினோடு வந்த தாளில் போட்டிருந்தபடியே எல்லாம். முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய. கால்மேல் கால் கூடாது. கை மேஜை மேல், நெஞ்சு உயரத்துக்கு. துணிக்குமேல் கட்டக்கூடாது. பட்டனை அமுக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். இரண்டாவது நிமிடத்தில் பால் அடுப்பில் இருப்பது ஞாபகம் வந்து கத்திவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

118/76. ஒரு நிமிடம் விட்டு மறுபடி: 116/76.

சந்தோஷப்பட வேண்டும். எரிச்சல்தான் வந்தது. எனக்கு 118 என்றால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நானே நம்பவில்லை.

"எனக்கும் ஒரு தடவ கட்டு. எம்புட்டு பச்சத்தண்ணின்னு பாப்போம்" என்று சூசை சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. பட்டை கட்டுவதற்குள்தான் பெரும்பாடு. ஒட்டுகிற இடம் எட்டவில்லை, இழுத்துப் பிடித்து ஒட்டினேன்.

174/106.

இரண்டு பேருக்கும் சிரிப்பு. "மெஷினு ஆள மாத்திக்கிச்சு பிலோமி. ஒன்னோடத எனக்குக் காட்டுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜூலை 7, திங்கள்

நோட்டில் கட்டம் போட்டாச்சு. தேதி, காலை, மாலை, குறிப்பு.

நான், கா. 120/78. குறிப்பு: பால்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்து.
அவர், கா. 170/104. குறிப்பு: சும்மா உட்கார்ந்திருந்தார்.
நான், மா. 122/80. குறிப்பு: ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. தொண்டை கட்டிவிட்டது.
அவர், மா. 172/104. குறிப்பு: பாயில் படுத்து ரேடியோ கேட்டுவிட்டு.

மெஷினுக்கு மதிப்பெண் பூஜ்யம். சிவப்பு மையில் போட்டேன்.

கடைக்குப் போன். என்ன பேசினேன் என்று முழுதாக எழுத வெட்கமாக இருக்கிறது. 'ஏமாத்துக் கடை' என்ற வார்த்தை வந்தது. அந்த மனிதர் குரலை உயர்த்தவே இல்லை. "மெஷின ஆஸ்பத்திரிக்கி எடுத்துட்டுப் போயி, அவுங்க பாக்குறதோட ஒப்பிட்டுப் பாருங்க டீச்சர். வித்தியாசம் இருந்தா வேற மாத்தித் தாரேன்." போனை வைத்ததும் இவர், "அந்தாளு என்ன பண்ணுவாரு, விடு பிலோமி."

இட்லி மாவு புளிக்கவில்லை. காற்றுக்குக் குளிர்ந்துவிட்டது போல.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு, பையில் மெஷினோடு ஆஸ்பத்திரி. செல்வி அவர்கள் கருவியில் ஒரு தடவை, என் மெஷினில் ஒரு தடவை, மறுபடி அதில், மறுபடி இதில். ஒரே கை. நடுவில் ஒரு நிமிடம்.

அவர்களுடையது 120/78. என்னுடையது 122/78. அவர்களுடையது 118/78. என்னுடையது 120/76.

"நல்ல மெஷினுங்க டீச்சர். சரியாத்தான் காட்டுது."

அப்படியானால் முகாமில் ஏன் 156? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "அன்னைக்கி நான் பட்டை கட்டுறப்ப நீங்க வரிசையில திரும்பிப் போன பிள்ளைகள அதட்டிக்கிட்டே இருந்தீங்க. மாடிப்படி ஏறி வந்த மூச்சு வேற. டீயும் குடிச்சிருந்தீங்க. அதான் வீட்ல பாக்கச் சொன்னேன்."

எனக்கு ஒன்றுமில்லை. மாத்திரை வேண்டாம். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. மெஷின் எனக்குச் சரியாகக் காட்டுகிறது என்றால் அவருக்கும் சரியாகத்தானே காட்டும்?

திரும்ப உள்ளே போனேன். 174, 170, 172 என்று சொன்னேன். செல்வி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். தலைவலி உண்டா, நெஞ்சுவலி உண்டா, கை கால் மரத்துப் போகிறதா. இல்லை, இல்லை, இல்லை. "அப்படி ஏதாச்சும் இருந்தா ஒரு நிமிசம் காத்திருக்கப்படாது, ஒடனே வந்துரணும். சரி, அவரு கை பெருங்கையா?"

"ஏன்?"

"பட்டை சின்னதா இருந்தா கூடக் காட்டும்ங்க. அளந்து பாருங்க. எதுக்கும் ஆளக் கூட்டிட்டு வாங்க."

பஸ் முழுக்க 'பட்டை சின்னது, பட்டை சின்னது' என்று ஜெபமாலை உருட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 9, புதன்

தையல் டேப். அவர் மேல்கை 36 செ.மீ.! மெஷினோடு வந்த பட்டை 32 வரைக்கும்தான்.

அத்தனை சந்தோஷம். போர்வெல் குழாய் தூக்கித் தூக்கி ஏறிய கை. "பாத்தியா, கொறை எங்கையிலதான்" என்று முஷ்டியை மடக்கிக் காட்டினார். ஐம்பத்தேழு வயசு ஆளுக்கு இந்த முஷ்டி வேடிக்கை தேவையா. கடைக்குப் போன் செய்து முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்றார். பெரிய பட்டை திருச்சியிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமை கிடைக்கும். அதே கம்பெனிப் பட்டைதான் போட வேண்டுமாம், வேறு போட்டால் கணக்கு தப்பும்.

ஆஸ்பத்திரிக்கு இப்போதே போவோம் என்றேன். "பட்டை வரட்டும், விடு பிலோமி."

ராத்திரி கருவாட்டுக் குழம்பு, அவருக்குப் பிடித்தது என்று. தொட்டுக்கொள்ள ஊறுகாய். உப்பு என்ற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பரீட்சைத் தாள்.

சந்தோஷம் இரண்டு நாளுக்குமேல் தாங்கவில்லை. செல்வி 'கூடக் காட்டும்' என்றுதான் சொன்னாள். எவ்வளவு கூட என்று சொல்லவில்லை. 174லிருந்து 120க்கு இறங்குமா? பட்டைக்கு அவ்வளவு சக்தி இருக்குமா?

மாமனாரை நான் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதுதான். பெருங்கோபக்காரர். களத்தில் நெல் அளக்கும்போது யாரோ மரக்காலைச் சாய்த்துப் பிடித்தான் என்று ஆங்காரமாகக் கத்திக்கொண்டே இருந்தவர், அப்படியே பொலிக் குவியல்மேல் சாய்ந்துவிட்டாராம். வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்து, ஏழு மாதம் படுக்கை. சூசைக்கு அப்போது இருபது வயசு. கழுவித் துடைத்தது எல்லாம் இவர்தான். 'கோவத்துல ரத்தம் கொதிச்சுத்தான் போய்ச் சேந்தான்' என்று இன்னமும் சொல்கிறார்கள்.

இவர் மோர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் நேராக இருக்கிறதா என்று. "என்ன அப்பிடி பாக்குற?" ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 12, சனி

பட்டை வந்தது. நான்தான் போய் வாங்கி வந்தேன். பஸ்ஸில் கூட்டம், திருக்கோகர்ணம் தாண்டும்வரை நின்றேன்.

சாயங்காலம் ஐந்தரை. ஐந்து நிமிடம். அவர் மேஜையில் கையை வைத்துச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே. நானும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் விழித்திருக்கையில் ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். பட்டை நன்றாகப் பொருந்தியது. இழுக்க வேண்டியிருக்கவில்லை.

162/98.

ஒரு நிமிடம்.

160/98.

இறங்கியிருக்கிறது. ஆனால் போதாது. அவருக்கும் தெரிந்தது. பட்டையை அவரே கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, "மோட்டார் போட்டுட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போய்விட்டார். காலையில்தான் தண்ணீர் பாய்ச்சினார்.

ஜூலை 14, திங்கள்

பெரிய பட்டையோடு:
ஞாயிறு கா. 164/100, மா. 158/96.
திங்கள் கா. 162/98, மா. 160/98.
குறிப்பு: ஒன்றுமில்லை. எல்லாம் தாளில் போட்டபடி.

ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். மறுப்பதும் சிரித்துக்கொண்டேதான். "எனக்கு ஏதுடி கொதிப்பு? நான் யாருட்டயாச்சும் ஒரு சொல்லு சொல்லியிருக்கேனா?"

"மெஷின் சொல்லுதுல்ல."

"மெஷினுக்கு என்னயத் தெரியுமா?"

கத்தினேன். சுண்டல் கிண்ணத்தைத் தரையில் வைத்த வேகத்தில் அது உருண்டு போனது. அவர் எடுத்து வைத்தார். சிரித்தார். "சிரிக்காதீங்க!" என்று அதற்கும் கத்தினேன். பிறகு நானே என் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன், வீம்புக்கு. உடனே பார்த்ததில் 148. கால் மணி கழித்து 120. கத்துகிறவளுக்கு வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிடுகிறது, சும்மா இருக்கிறவருக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம் ஆண்டவரே.

ஜூலை 15, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. விடிந்ததிலிருந்து ஒரே நினைப்பு. வெளியே விடாத கோபம்தான் உள்ளே கொதிக்கிறதோ? அப்படியானால் யார்மேல்? இருபத்தொன்பது வருஷமாக அவர் எதிரில் கத்துவது நான் ஒருத்திதான்.

கேட்டே விட்டேன். கொல்லைக்குப் போய். விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"எம்மேல உள்ள கோவத்தத்தான் அடக்கி அடக்கி வச்சிருக்கீங்களா?"

உடனே இல்லை என்று சொல்லவில்லை. நான்கைந்து கடலை உடைத்தார்.

"கோவம் வந்திருக்கு. இல்லன்னா பொய்யி. அடக்குனதில்ல. இங்கிட்டு வந்து மோட்டாரப் போட்டுட்டு ஒக்காருவேன். தண்ணி பாயிற சத்தத்துல போயிரும்."

"எத்தன தடவ போட்டிருப்பீங்க?"

"கடலைக்கு வேண்டியதுக்குக் கொஞ்சம் கூடத்தான் பாஞ்சிருக்கும்."

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை. முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். இத்தனை வருஷத்தில் சொல்லாதது. சொன்னபடியே எழுதுகிறேன்.

"எங்கப்பா விழுந்தப்ப எனக்கும் அதே கோவந்தான் பிலோமி. அவரு மாரியேதான் இருந்தேன் நானும். குழியில மண்ணு போட்டுட்டு அந்தோணியார் செலை இருக்குற கெபியில போயி நின்னு, இனிமே கோவப்பட மாட்டேன்னு நேந்துக்கிட்டேன். கொதிப்பு வந்து சாகப்படாதுன்னு. முப்பத்தேழு வருசமா ஒரு நாள்கூட மாத்துனதில்ல. இப்ப எனக்கும் கொதிப்புன்னா, அம்புட்டு வருசம் பட்டதெல்லாம் எதுக்கு?"

ஊர் முழுக்க இவர் பொறுமையைப் பிறவிக்குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. நானும்தான். அது பத்தியம். நாள் தவறாமல் ஒரு மனிதர் தனியாக இருந்த பத்தியம். நான் அதன்மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்பு பாதிதான் போட்டேன். ஏன் சப்பென்று இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்றில் பந்தல் கீற்று இரண்டு பறந்துவிட்டது.

அரைநாள் லீவு. அவரை அழைத்துப் போனேன். எப்படிச் சம்மதித்தார் என்றால்: நேற்று நான் கத்தவில்லை. ஏழு மாதம் மாமனாரைக் கழுவித் துடைத்தது நீங்கள், உங்களைக் கழுவித் துடைக்கப் போவது நான், எனக்கும் வயசு ஐம்பத்துநாலு, முதுகுவலி வேறு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நான் மெதுவாகப் பேசினதில் பயந்துவிட்டார் போலிருக்கிறது.

டாக்டர் பார்த்தார். அவர்கள் கருவியில் 164/100. நோட்டைப் புரட்டினார். "குறிப்பு எல்லாம் போட்டிருக்கீங்களே." ரத்தம், சிறுநீர் சோதனை, ஈ.சி.ஜி. எழுதினார். மாத்திரை, காலையில் ஒன்று. உப்பு குறைக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் ஓரம். மெஷினையும் பெரிய பட்டையையும் பார்த்து, "இது போதும், அதையே வச்சுப் பாருங்க" என்றார்.

மாத்திரைச் சீட்டை இவர் கையில் வாங்கிக்கொண்டார். எழுந்து வரப் போனவர், செல்வியிடம் கேட்டார்.

"கோவமே படாதவனுக்கு எப்பிடிம்மா கொதிப்பு வரும்?"

செல்வி சிரிக்கவில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். "கொதிப்புங்கிறது நாம வச்ச பேருதாங்கய்யா. உள்ள ஒண்ணும் கொதிக்கிறதில்ல. தண்ணிக் குழாய்ல அழுத்தம் கூடுற மாதிரிதான். மோட்டாரு வச்சிருக்கீங்கள்ல, ஒங்களுக்குத் தெரியும். குழாய் கோவப்பட்டா அழுத்தம் கூடுது? வயசு, உப்பு, அப்பா வழி. ஒங்க அப்பாருக்கும் அதான் இருந்திருக்கும். அவரு கோவக்காரரா இருந்ததால ஊரு அதச் சொல்லிருச்சு."

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி. "அப்ப எங்கப்பா கோவத்தால சாகல" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "நேந்தது வீணு."

அப்போது சொன்னேன். சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக உள்ளே கிடந்தது.

"வீணில்லங்க. ஒங்களுக்கு அது மருந்தா இல்லாமப் போயிருக்கலாம். நான் பொழச்சது அதுலதான். எங்கூட வேற எந்த மனுசன் இருபத்தொம்பது வருசம் இருந்திருப்பான்?"

"அதென்னமோ வாஸ்தவந்தான்" என்றார். உடனே. கொஞ்சம்கூட யோசிக்காமல்!

ஜூலை 20, ஞாயிறு

மாத்திரை மூன்று நாள். மா. 156/96. ஒன்றும் பெரிதாக இறங்கவில்லை. இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று செல்வி சொல்லியிருக்கிறாள். சோதனை முடிவெல்லாம் பரவாயில்லை.

பூசைக்குப் பிறகு வரப்புத் தகராறு என்று ஒருத்தர் வந்தார். மேஜைமேல் மாத்திரையைப் பார்த்து, "என்னண்ணே இது?"

"வாயுத் தொந்தரவுப்பா" என்றார் இவர். நான் மாத்திரையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

வாங்க: நல்லெண்ணெய், பாத்திரம் தேய்க்கிற நார், சின்ன பேட்டரி 4, உப்பு வேண்டாம் (இருப்பதே மூன்று மாதம் வரும்).

ஜூலை 27, ஞாயிறு

கா. 148/92. மா. 146/90. குறிப்பு: புளிச்சோற்றுக்கு அப்பளம் கேட்டார். கொடுக்கவில்லை.

ஐந்து நிமிடம் இப்போது பழகிவிட்டது. அவருக்காக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் காது ஓரத்தில் மச்சம் இருக்கிறது. இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் அவர் சுருங்கியே இருக்கிறார். சிரிப்பு குறைந்துவிட்டது. 'விடு பிலோமி' இந்த வாரம் இரண்டே தடவை. மாத்திரையை என்னைப் பார்க்காமல்தான் போட்டுக்கொள்கிறார். புதன்கிழமை ஒரு நாள் போடவில்லை என்று நினைக்கிறேன், அட்டையில் ஒன்று கூட இருந்தது. எண்ணினேன். கேட்கவில்லை. இப்படியே ஒவ்வொன்றாக விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நான் எப்படி இவரை மாத்திரை போட வைப்பேன், எத்தனை நாள் எண்ணுவேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கீரனூர் பஸ் எல்லாம் நிரம்பிப் போகிறது. கடலை முளைத்துவிட்டது, வரிசை வரிசையாக. நேற்று அட்டையில் சரியாக இருந்தது. முந்தாநாளும்.

கா. பார்க்கவில்லை, பூசைக்கு நேரமாகிவிட்டது.

மாலை ஐந்தரை. பட்டை கட்டி அவர் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் போயிருக்கும். போன மாதம் வந்த வரப்புத் தகராறுக்காரர் வாசலில் நின்றார், இன்னும் தீரவில்லையாம். அந்த ஆளைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் மறுபடி வரப்புக் கல்லைப் பிடுங்கிப் போட்டது நீங்கள்தானே, இவருக்கு வேறு வேலை இல்லையா, ஞாயிற்றுக்கிழமைகூட விட மாட்டீர்களா என்று பிடித்துக்கொண்டேன். அவரும் பதில் சொல்ல, நான் அதற்குப் பதில் சொல்ல.

"வாய மூடு பிலோமி!"

முதலில் யார் என்று தெரியவில்லை. வாசலில் நின்றவர்தான் என்று நினைத்துத் திரும்பினேன். அவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மேஜையிலிருந்துதான் வந்தது.

"மனுசன் கொதிப்பு பாக்குறேன்ல! அஞ்சு நிமிசம் பேசாம இருக்கணும்னு தெரியாதா ஒனக்கு? நீயும்தாண்டா. மாத்திர திங்கிற ஆளு நானு. ஒக்காரு, முடிச்சிட்டு வாரேன்."

வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் அதட்டல். இவர் கடிகாரத்தைப் பார்த்தார், முதலிலிருந்து ஐந்து நிமிடம் எண்ண ஆரம்பித்தார். மூன்று பேரும் ஒரு சத்தமில்லை. வெளியே காற்று மட்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. துடைக்கவும் பயமாக இருந்தது, அசைந்தால் அதற்கும் ஒரு சத்தம் விழுமோ என்று.

அவரே பட்டனை அமுக்கினார். இரண்டு தடவையும் பார்த்துவிட்டு, "எழுதிக்க" என்றார்.

மா. 134/84. 132/84. குறிப்பு: அதட்டினார்.